சாலையிலிருந்தே காட்டு விலங்குகளைப் பார்த்துவிட முடியுமா? பந்திப்பூர், முதுமலை வழியாக ஊட்டி செல்வோருக்கு

வயதான பெற்றோரையும் இரண்டு சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, பெங்களூரிலிருந்து சொந்தக் காரில் மைசூர், குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், முதுமலை வழியாக ஊட்டிக்கு மூன்று நாள் பயணம் போகவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காட்டுச் சாலையை எந்த நேரத்தில் கடந்தால் யானையும் புலியும் கண்ணில் படும் என்பது உங்கள் முதல் கேள்வி. சாலையிலேயே விலங்குகள் தெரியும்போது வனத்துறையின் சஃபாரிக்குத் தனியாகப் பணம் கட்டத்தான் வேண்டுமா என்பது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், காட்டின் குறுக்கே செல்லும் நெடுஞ்சாலையையே நம்முடைய சஃபாரியாக ஆக்கிக்கொள்ள முடியுமா என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கடந்து போகும்போது தற்செயலாகக் கிடைக்கும் காட்சி போதும் என்றால் முடியும். நிறுத்தி நின்று பார்க்க வேண்டும் என்றால் முடியாது, செய்யவும் கூடாது. ஏன் என்பதையும், அப்படியானால் மூன்று நாளை எவ்வாறு பிரித்துக்கொள்ளலாம் என்பதையும் விரிவாகச் சொல்கிறேன்.

நான் காட்டுயிரியல் படித்தவன். கூடலூர், மசினகுடி பகுதிகளில் யானைகளின் நடமாட்டத்தைப் பதிவு செய்யும் களப்பணியில் பல ஆண்டுகள் இருந்தவன். ஆகவே முதுமலைப் பக்கத்தைப் பற்றி நான் எழுதுவது நேரில் கண்டறிந்தது. பந்திப்பூரை ஓரளவும், நாகரஹொளே, கபினிப் பகுதியைப் பயணியாகவும் மட்டுமே அறிவேன் என்பதால் அவற்றைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறேன்.

முதலில் நீங்கள் நுழையப் போகும் இடம் எத்தகையது என்று பார்ப்போம். வரைபடத்தில் பந்திப்பூர், முதுமலை, நாகரஹொளே, வயநாடு என்று நான்கு பெயர்கள் இருந்தாலும் விலங்குகளுக்கு அது ஒரே காடு. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையே மாயாறு ஓடுகிறது. அந்த ஆறு மாநில எல்லையாக இருப்பது நமக்கு மட்டுமே. 1940இல் முதுமலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2007இல் புலிகள் காப்பகமானது. பந்திப்பூர், 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்பது காடுகளில் ஒன்று. இவற்றை உள்ளடக்கிய நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் உருவானது; இந்தியாவில் இத்தகைய காப்பகங்களில் அதுவே முதலாவது; பரப்பு 5,520 சதுர கிலோமீட்டர். ஆசிய யானைகள் உலகிலேயே அதிகமாக வாழ்வது இக்காடுகளும் இவற்றோடு தொடர்ந்துள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் சேர்ந்த இந்த நிலப்பரப்பில்தான். ஒரு யானைக் கூட்டம் ஆண்டு முழுவதும் உலவும் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர் வரும். நீங்கள் காரில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் சாலையை ஒரு யானை தன் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை கடக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அங்கே வழிவிட வேண்டியவர் யார் என்பது விளங்கும்.

பெரும்பாலான பயணிகள் தவறவிடும் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். விலங்கு தெரிகிறதா என்று மட்டுமே பார்ப்பதால், காடு மாறுவதை அவர்கள் கவனிப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்து வருகிறது. நீலகிரி மலை அதைத் தடுத்து நிற்கிறது. அதனால் கூடலூரை ஒட்டிய மேற்குப் பகுதிக்குக் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதிதான் மசினகுடிக்குக் கிழக்கே, சீகூர்ப் பக்கத்தில் பெய்கிறது. கூடலூரிலிருந்து, முதுமலைக் காட்டுக்குள் இருக்கும் தெப்பக்காடு வரும் வழியில் தேக்கு, ஈட்டி, வெண்தேக்கு, மூங்கில் என்று உயர்ந்த மரங்கள் நிற்கும். தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர்தான்; அதற்குள் மரங்கள் குட்டையாகி, வெக்காலியும் உசிலும் வரத் தொடங்கும். மசினகுடியைத் தாண்டி மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் போனால் வேலமரங்களும் இலந்தைப் புதர்களும் நிறைந்த முட்காடு. மொத்தம் நாற்பது கிலோமீட்டருக்குள் இவ்வளவு மாற்றத்தைச் சாலையிலிருந்தே பார்க்க முடிகிற இடம் தென்னிந்தியாவில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. விலங்கு ஒன்றுகூடத் தென்படாத நாளிலும் இது உறுதியாகத் தெரியும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இனி நேரத்தைப் பற்றி. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: வெயில் ஏறிய பின் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை பெரும்பாலான பாலூட்டிகள் நிழலில் ஒதுங்கிவிடும், விடிந்ததிலிருந்து இரண்டு மூன்று மணி நேரமும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் அவை வெளியே வரும். சாலையோரத்தில் புள்ளிமான் கூட்டத்தைக் காணாமல் இந்தக் காட்டைக் கடப்பது அரிது. மயில், மந்தி, நாட்டுக்குரங்கு ஆகியவையும் அப்படித்தான். அடுத்த நிலையில் யானையும் காட்டுமாடும் வரும். மாலையில் மெதுவாகச் செல்பவர்களுக்கு இவை தென்பட நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் அது வாய்ப்பு மட்டுமே. கடமான், செந்நாய், மலை அணில் இவையெல்லாம் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தவை. சிறுத்தை, கரடி, புலி ஆகியவற்றைச் சாலையிலிருந்து பார்ப்பதைத் திட்டத்திலேயே சேர்க்கக் கூடாது. புலி அடர்த்தியாக வாழும் காடுதான் இது. ஆனாலும் ஒரு புலி பகலின் பெரும்பகுதியை மறைவில் கழிக்கிறது, வாகனம் ஓடும் சாலையைத் தவிர்க்கவும் தெரிந்து வைத்திருக்கிறது. இந்த மணிக்கு, இந்த வளைவில் புலி நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாலையோரத்தில் மான்கள் இவ்வளவு தெரிவதற்குக் காரணம் உண்டு. காட்டுத்தீ பரவாமல் தடுக்கவும், ஓட்டுநர்களுக்குப் பார்வை கிடைக்கவும் சாலையின் இருபுறமும் புதரை வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். அங்கே இளம்புல் முளைக்கிறது. திறந்த வெளியாக இருப்பதால் வேட்டை விலங்கு பதுங்கி வருவதும் கடினம். ஆக, சாலையோரம் மானுக்கு மேய்ச்சலும் பாதுகாப்பும் சேர்ந்த இடம். அதே காரணத்தால்தான் அது அடிபட்டுச் சாகும் இடமாகவும் இருக்கிறது. வெட்டிய பட்டைக்கு அப்பால் பெரும்பாலும் உண்ணிச்செடிதான் அடர்ந்து கிடக்கும். பிற நாட்டிலிருந்து வந்து இந்தக் காடுகளை ஆக்கிரமித்த செடி அது, புல்லை வளரவிடாது. அதன் பின்னால் பத்து மீட்டர் தொலைவில் ஒரு முழு யானை நின்றாலும் காரிலிருந்து தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டும். பந்திப்பூர்ப் பகுதியில் வரிசையாக வேகத்தடைகள் இருப்பதைப் பலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அவற்றின் மேல் மரியாதைதான். மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் நீங்களும் பத்திரம், மானும் பத்திரம், கண்ணுக்கும் நிறையத் தெரியும்.

மஞ்சள் பூக்களைப் பற்றியும் ஒரு சொல். சரம் சரமாகத் தொங்கினால் அது நம்முடைய சரக்கொன்றை. கிளை நுனியில் கொத்தாக மேல்நோக்கி நிமிர்ந்திருந்தால் பெரும்பாலும் அது மஞ்சள் கொன்றை என்று இங்கே அழைக்கப்படும் அயல் மரம். அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, முதுமலையிலும் வயநாட்டிலும் பெரும் பரப்பை விழுங்கிவிட்டது. அதை வேரோடு அகற்ற வனத்துறை முயன்று வருகிறது. அதன் நிழலில் மானுக்குத் தின்னப் புல் இருக்காது என்பதால், அந்த அழகைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்டதன் மையத்துக்கு வருகிறேன். காட்டுக்குள் செல்லும் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்துவதும், இறங்குவதும், விலங்குகளுக்கு உணவு கொடுப்பதும் தடை செய்யப்பட்டவை. பிடிபட்டால் அபராதம் உண்டு. சட்டத்தை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். யானை சாலையைக் கடக்க விரும்பும்போது அது தேடுவது வாகனங்களுக்கு இடையே ஓர் இடைவெளியை. ஒரு கார் நின்றால் பின்னால் வரும் நான்கு கார்களும் நிற்கின்றன, இடைவெளி அடைபடுகிறது. குட்டிகளுடன் பாதிக் கூட்டம் இந்தப் பக்கமும் பாதிக் கூட்டம் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து நிற்கையில் தாய்யானைக்கு ஏற்படும் பதற்றத்தை நான் தொலைவிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் யாரும் அருகே இருக்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் யானையைப் படமெடுக்க இறங்கிய ஒருவர் துரத்தப்பட்டு, மிதிபட்டு, உயிர் தப்பினார்; பிறகு வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்தக் காட்சியை நீங்களும் கைப்பேசியில் பார்த்திருக்கக்கூடும். அவர் தப்பியது அந்த யானை கருணை காட்டியதால்தான் என்றே நான் நினைக்கிறேன்.

நீங்கள் நிற்காவிட்டாலும் யானை உங்களை நிற்க வைக்கலாம். அப்போது செய்ய வேண்டியவற்றை வண்டி ஓட்டுபவர் முன்பே அறிந்திருக்க வேண்டும். யானை முன்னால் தெரிந்தவுடன் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளியே நிறுத்துங்கள். அதைவிட அதிகம் என்றால் இன்னும் நல்லது. முன்னால் உள்ள வண்டியை ஒட்டி நிற்காதீர்கள். அது பின்வாங்க வேண்டி வந்தால் இடம் வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஆனால் முடுக்கி உறும வைக்காதீர்கள். ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்கைத் தாழ்த்த வேண்டும், ஜன்னல்களை ஏற்றிவிட வேண்டும், பிள்ளைகள் கூச்சலிடக் கூடாது. ஒரு யானை கடந்துவிட்டது என்று உடனே கிளம்பாதீர்கள். பின்னால் குட்டியோ கூட்டமோ வரும் என்றே வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் காத்திருங்கள். காதை விரித்து, தலையை நிமிர்த்தி, வாலை விறைத்துக்கொண்டு உங்களை நோக்கி இரண்டடி வைத்தால் அது எச்சரிக்கை. மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள். பெரும்பாலான துரத்தல்கள் பாதியில் நின்றுவிடும் வெறும் மிரட்டல்களே. ஆனால் எது மிரட்டல், எது தாக்குதல் என்று அந்தக் கணத்தில் பிரித்தறிய என்னைப் போன்றவர்களாலும் எப்போதும் முடிவதில்லை. ஆகவே அந்தக் கணிப்பில் இறங்கவே வேண்டாம். கண்ணுக்கும் காதுக்கும் இடையே கன்னத்தில் ஈரம் வழிந்து கறை படிந்திருக்கும் ஆண்யானை மதத்தில் இருக்கிறது. அதற்கு இன்னும் அதிக இடம் விட வேண்டும்.

யானை, குரங்கு இரண்டையும் சாலைக்கு இழுப்பது நம் கையிலிருந்து விழும் உணவு. சத்தியமங்கலம் காட்டுச் சாலையில் கரும்பு லாரிகளை யானைகள் வழிமறிப்பது இப்படிப் பழகியதால்தான். காய்கறி லாரிகள் செல்லும் பந்திப்பூர்ச் சாலையிலும் அதே பழக்கம் தொடங்கிவிட்டது. வாழைப்பழத் தாரை முன்னிருக்கையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தின்பண்டங்களைக் கட்டிப் பின்பெட்டியில் வைத்துவிட்டு, குண்டலுப்பேட்டையிலேயே சாப்பிட்டு, கழிவறை வேலையையும் முடித்துக்கொண்டு காட்டுக்குள் நுழைவது நல்லது. பெற்றோர் உடன் வருவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இடையில் இறங்க நேர்வது பெரும்பாலும் இதற்காகத்தான்.

இரவில் கடக்கலாமா என்ற எண்ணமே வேண்டாம். குண்டலுப்பேட்டையிலிருந்து ஊட்டி செல்லும் சாலையும், வயநாட்டுக்குப் பிரியும் சாலையும் 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை அடைக்கப்படுகின்றன. ஆம்புலன்ஸுக்கும் அனுமதிக்கப்பட்ட சில பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. கர்நாடக உயர் நீதிமன்றமும் இத்தடையை உறுதி செய்தது. சத்தியமங்கலத்தின் பண்ணாரி, திம்பம் சாலையிலும் 2022 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இரவுத் தடை இருக்கிறது. வணிகர்களும் நோயாளிகளின் உறவினர்களும் இத்தடைகளை எதிர்த்துப் பேசும்போது அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் கூற மாட்டேன். நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போக வேண்டியவரின் சிரமம் உண்மையானது. ஆனால் சுற்றுலாப் பயணிக்கு அத்தகைய அவசரம் எதுவும் இல்லை. ஒன்பது மணிக்குள் தாண்டிவிட வேண்டும் என்று எட்டரை மணிக்கு வேகமெடுப்பவர்களால்தான் அந்த நேரத்தில் மிகுந்த ஆபத்து. மாலை ஆறு மணிக்குள் காட்டைத் தாண்டிவிடும்படி புறப்படுங்கள்.

அப்படியானால் நின்று பார்ப்பது எங்கே? அதற்காகத்தான் சஃபாரி. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே, மண்பாதையில், வழி தெரிந்த ஓட்டுநரோடு வனத்துறை வண்டியில் செல்லும்போது இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்க முடிகிறது. மானின் எச்சரிக்கைக் குரல், மரத்தின் மேலிருந்து மந்தி கொடுக்கும் குரல், மூங்கில் முறியும் ஓசை இவற்றையெல்லாம் கண்ணாடி ஏற்றிய காருக்குள் உட்கார்ந்து யாரும் கேட்க முடியாது. புலி தெரியுமா என்றால், அங்கும் உறுதி கிடையாது. ஒரே பயணத்தில் பார்த்தவர்களும் உண்டு, பல ஆண்டுகளாக வந்தும் பார்க்காதவர்களும் உண்டு. முதுமலையில் தெப்பக்காடு வரவேற்பு மையத்திலிருந்து காலையும் மாலையும் வண்டிகள் புறப்படுகின்றன. பந்திப்பூரிலும் தனி சஃபாரி உண்டு. நேரமும் கட்டணமும் மாறுவதால் எண்களை இங்கே தருவதைத் தவிர்க்கிறேன். திடீரென நிறுத்தப்படுவதும் உண்டு: கோடையில் தீ அபாயம் கூடினால் மூடிவிடுவார்கள்; 2025 நவம்பரில், காட்டை ஒட்டிய ஊர்களில் புலி தாக்கி உயிரிழப்புகள் நேர்ந்ததைத் தொடர்ந்து, பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியைக் கர்நாடக அரசு நிறுத்தியது. ஆகவே கிளம்பும் வாரத்தில் வனத்துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தைப் பார்த்துவிட்டே முன்பதிவு செய்யுங்கள். பணம் ஒரு முறைக்குத்தான் போதும் என்றால் காலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காற்று அசையாமல் ஒலி தெளிவாகக் கேட்கும், பிள்ளைகளும் சோர்வில்லாமல் இருப்பார்கள்.

யானையை அருகே, அச்சமின்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்கள் பிள்ளைகளுக்கு இருந்தால், அதற்கு உரிய இடம் தெப்பக்காடு யானைகள் முகாம். நூறாண்டுகளுக்கு மேல் பழைய முகாம் அது. ஒரு காலத்தில் மரம் இழுக்கப் பயன்பட்ட யானைகள் இருந்த இடத்தில், இன்று ஊருக்குள் புகும் காட்டு யானைகளை விரட்ட உதவும் கும்கிகளும், தாயை இழந்து மீட்கப்பட்ட குட்டிகளும் வாழ்கின்றன. காலையும் மாலையும் ராகி, கொள்ளு, அரிசி ஆகியவற்றை வேகவைத்துப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து, வெல்லமும் உப்பும் தேங்காயும் சேர்த்து ஒவ்வொரு யானைக்கும் அதன் உடல்நிலைக்கு ஏற்ற அளவில் ஊட்டுவார்கள். பாகன்களும், காவடிகள் எனப்படும் அவர்களின் உதவியாளர்களும் பெரும்பாலும் இந்தக் காட்டின் பழங்குடி மக்களே. இரவில் பல யானைகளைக் காட்டில் மேய விட்டுவிட்டு, விடியற்காலையில் தடம் பார்த்துத் தேடிச் சென்று அழைத்து வருவார்கள். யானையைப் பற்றி நான் பட்டப்படிப்பில் கற்றதைவிட இவர்கள் பக்கத்தில் நின்று கற்றது அதிகம். அங்கே போகும்போது யானையைக் காட்டி மட்டும் நிறுத்தாமல், அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதரையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

தங்கும் இடம் குறித்துக் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ப் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி. அந்த வழித்தடத்தில் எழுந்த தனியார் விடுதிகளை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அளித்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அதன் பிறகு 2021 ஜனவரியில், அதே பகுதியில் ஒரு தனியார் தங்குமிடத்தைச் சேர்ந்தவர்கள் எரியும் டயரை எறிந்ததில் தலையில் தீப்பற்றிய யானை ஒன்று இறந்தது. அதை நினைக்கும்போது இன்றும் என்னால் அமைதியாக எழுத முடியவில்லை. வனத்துறையின் ஓய்வில்லங்கள், அரசின் உரிமம் பெற்ற விடுதிகள் ஆகியவற்றிலேயே தங்குங்கள். இரவில் ஜீப்பில் கூட்டிப் போய் விலங்கு காட்டுகிறோம் என்று யாராவது அணுகினால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம், டார்ச் ஒளி பட்ட விலங்குக்குச் சித்திரவதை, உங்கள் குடும்பத்துக்கும் ஆபத்து. இதற்காகப் பகலில் உள்ளூர் ஓட்டுநரை அமர்த்துவதைத் தவிர்க்க வேண்டியதில்லை. அனுமதிக்கப்பட்ட சாலைகளில் அவருடைய கண் உங்கள் கண்ணைவிட நன்றாகப் பார்க்கும்.

மசினகுடியில் இருக்கும்போது நண்பகலை வீணாக்க வேண்டாம். வெயில் ஏறி மற்ற விலங்குகள் ஒதுங்கும் நேரத்தில்தான் வெப்பக் காற்றைப் பிடித்துக்கொண்டு பாறு கழுகுகள் மேலே வரும். மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் இன்னும் கூடு கட்டி வாழும் முக்கியமான இடம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, நாடெங்கும் அவற்றைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டது. கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது 2006இல் தடை செய்யப்பட்டது. மரத்தில் கூடு கட்டும் அந்தப் பெரிய பறவை அகன்ற சிறகை அசைக்காமல் வட்டமிடுவதைப் பார்த்தால், புலியைப் பார்த்ததைவிடக் குறைவாக மதிப்பிடாதீர்கள். எனக்கு அது புலியைவிட அரிய காட்சி.

மாதத்தைப் பொறுத்தவரை: பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து காடு திறந்திருப்பதால் தொலைவு வரை தெரியும், நீர்நிலைகளில் விலங்குகள் கூடும், ஆனால் தீ அபாயமும் அப்போதுதான். ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழை பெய்தபின் இளம்புல்லுக்காக யானைகள் சாலைப் பக்கம் நிறைய வரும். அதே நேரத்தில் பள்ளி விடுமுறை நெரிசலும் உச்சத்தில் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை கூடலூர்ப் பக்கம் கனமழை. மலைப்பாதையில் மண்சரிவு ஏற்படலாம் என்பதால் பெற்றோருடன் அப்போது வர வேண்டாம். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை காடு பசுமையின் உச்சத்தில் இருக்கும், விலங்கு குறைவாகத் தெரியும். என்னைக் கேட்டால், கோடைமழை தொடங்கிய பிறகு ஒரு வார நாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கபினி அணையின் நீர் வற்றிய கரையில் யானைகள் பெருங்கூட்டமாகத் திரள்வதும் அந்தக் கோடையில்தான். ஆனால் மூன்று நாளுக்குள் கபினியையும் சேர்க்க முயன்றால் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீலகிரி மாவட்டத்துக்குள் வெளியூர் வாகனங்கள் நுழைய இ-பாஸ் தேவை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் இந்த நடைமுறை வந்தது. 2025இன் கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. கக்கநல்லா சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசியில் விண்ணப்பிப்பவர்களைப் பார்க்கலாம். நீங்கள் வீட்டிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்களை எடுத்து வாருங்கள். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பாட்டில்கள் மாவட்டத்துக்குள் தடை செய்யப்பட்டவை, சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்து உங்கள் மூன்று நாளை நான் இப்படி அமைப்பேன். முதல் நாள் அதிகாலையில் பெங்களூரிலிருந்து கிளம்பி, மைசூரில் இளைப்பாறி, குண்டலுப்பேட்டையில் மதிய உணவை முடித்து, மூன்று மணி அளவில் பந்திப்பூர்ச் சோதனைச் சாவடியைக் கடந்தால், வெயில் தணியும் நேரத்தில் காட்டுச் சாலையில் மெதுவாகச் சென்று இருட்டுமுன் மசினகுடியை அடையலாம். இரண்டாம் நாள் விடியலில் சஃபாரி, பிறகு முகாம், நண்பகலில் கழுகுகளுக்காக வானம், மாலையில் ஓய்வு. மூன்றாம் நாள் காலை ஊட்டிக்கு ஏறுங்கள்.

ஏறுவதற்கு இரண்டு வழிகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாகச் சென்றால் ஊட்டி முப்பது கிலோமீட்டர்தான். 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். முட்காட்டில் தொடங்கிக் குளிர்ந்த மலைக்காட்டில் முடிகிற இந்த ஏற்றம் அழகானது, ஆனால் மிகவும் செங்குத்தானது. 2018இல் அந்தப் பாதையில் இறங்கிய ஒரு கார் பள்ளத்தில் கவிழ்ந்து, இரண்டு நாள் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டது; அதன் பின் வெளி மாவட்ட வாகனங்கள் அவ்வழியே இறங்குவதற்குத் தடை வந்தது. ஏறலாம், இறங்கக் கூடாது. மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர் நீங்கள் என்றால் முதல், இரண்டாம் கியரிலேயே நிதானமாக ஏறுங்கள். பழக்கம் இல்லை என்றாலோ, பெற்றோருக்குத் தலைசுற்றல், வாந்தி உண்டு என்றாலோ, தெப்பக்காடு திரும்பி கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாகச் செல்லுங்கள். தொலைவு அதிகம், ஆனால் சாலை அகலம், வளைவுகள் மென்மை, வழியெங்கும் தேயிலைத் தோட்டம். பெங்களூர் திரும்பும்போது எப்படியும் கூடலூர் வழியாகத்தான் இறங்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஊட்டியிலிருந்து காலையிலேயே புறப்பட்டால் பிற்பகலுக்குள் பந்திப்பூரைத் தாண்டிவிடலாம். காட்டுக்குள் பல இடங்களில் கைப்பேசி இணைப்பு கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்துக்கொண்டு, எரிபொருளைப் போகும்போது குண்டலுப்பேட்டையிலும் வரும்போது கூடலூரிலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.